இரண்டு தலை ஒட்டிய கடிதம்

தபால்தலை சேகரிப்பவர்களிடம் 'செத்த நாடு' என்று ஒரு சொல் புழங்குகிறது. கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஒரு காலத்தில் சொந்தமாகத் தபால்தலை வெளியிட்டு, பிறகு இன்னொரு நாட்டுக்குள் கரைந்துபோன, அல்லது கரைக்கப்பட்ட நாடு. அவ்வளவுதான் அர்த்தம். இந்த மாதிரி நாடுகள்மீது சேகரிப்பாளர்களுக்குத் தனிப் பிரியம் உண்டு. உயிரோடு இருக்கும் நாட்டைச் சேகரிக்க ஆரம்பித்தால் வருஷாவருஷம் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். விளையாட்டு வீரர், பட்டாம்பூச்சி, ஏதோ ஒரு வங்கியின் நூற்றாண்டு என்று அது வெளியிட்டுக்கொண்டே இருக்கும். செத்த நாடு அப்படி இல்லை. பட்டியல் மூடியாகிவிட்டது. ஆல்பத்தின் கடைசிக் கட்டத்தையும் நிரப்பிவிடலாம்.

ரிக்வயர்மென்ட் இனி மாறவே மாறாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புராஜெக்ட் மாதிரி. என் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இந்த ஆசை சட்டென்று புரியும். ஆனால் அந்தக் கையெழுத்தைப் போட்டது யார் என்று கேட்டால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். திபெத்தின் பட்டியலை மூடியது சேகரிப்பாளரும் இல்லை, திபெத்தியரும் இல்லை. படையோடு வந்த பக்கத்து நாடு மூடியது. ஆல்பம் முழுமையடைகிற சந்தோஷத்துக்கு அடியில் அது கிடக்கிறது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வாசிப்பு உண்டு. திபெத் மீது பரிவுள்ளவர்கள் அந்தத் தபால்தலையைத் தூக்கிக் காட்டி, "பாருங்க, சொந்த ஸ்டாம்ப் இருந்திருக்கு, அப்ப அது தனி நாடுதானே?" என்பார்கள். எனக்கு இந்த இரண்டு வாசிப்புமே போதவில்லை. ஒருவர் தலையைக் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டுகிறார். இன்னொருவர் அதையே கத்தரித்துப் பதாகையில் ஒட்டுகிறார். கடிதத்தை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

முதலில் தலையையே பார்ப்போம், ஏனென்றால் அது பார்க்கத் தகுந்த பொருள். 1910-இல் சிங் அரசின் படை லாசாவுக்குள் நுழைந்தபோது 13ஆம் தலாய் லாமா தப்பி இந்தியாவுக்கு வந்தார், டார்ஜிலிங்கில் தங்கினார். திபெத்தில் சீன அஞ்சல் நிலையங்கள் இயங்கின. 1911-இல் அவற்றுக்கென்று தபால்தலை வந்தது. புதிதாக எதையும் வரையவில்லை. சீனாவின் டிராகன் படம் போட்ட தலைகளின்மேலேயே சீனம், ஆங்கிலம், திபெத்தியம் என்று மூன்று எழுத்திலும் விலையை இன்னொரு முறை அச்சடித்தார்கள். விலை எந்த நாணயத்தில் தெரியுமா? பை, அணா, ரூபாய். இந்திய நாணயம்தான் அந்தப் பக்கம் செல்லுபடியானது. டிராகன் சீனாவுடையது, காசு பிரிட்டிஷ் இந்தியாவுடையது, விலைச்சீட்டு மட்டும் திபெத்திய எழுத்தில். ஏற்கெனவே அச்சான தலையின்மேல் இன்னொரு வரி அச்சடிப்பதை மேலச்சு என்பார்கள். ஒரு நாட்டைச் சேர்த்துக்கொள்வதற்கு இதைவிட மலிவான வழி இல்லை. ஒரு வரி மை போதும்.

அதே வருஷம் அக்டோபரில் சீனாவில் புரட்சி, அடுத்த ஆண்டு சிங் அரசே இல்லை. திபெத்திலிருந்த சீனப் படை வெளியேற்றப்பட்டது. 1913 ஜனவரியில் தலாய் லாமா லாசா திரும்பினார். திபெத்தின் முதல் சொந்தத் தபால்தலைகளுக்குக் கேட்டலாக்குகள் தருகிற ஆண்டு 1912. அதாவது, அடுத்தவன் மேலச்சு அடித்த தலைக்குப் பதிலாக வந்தது இது.

நடுவில் ஒரு பனிச்சிங்கம், சுற்றிலும் எழுத்து. மரத்தில் கையால் செதுக்கிய அச்சு, செடிப்பட்டையிலிருந்து கையால் செய்த உள்ளூர்த் தாள், பின்பக்கம் பசை கிடையாது, ஓரத்தில் துளைகள் கிடையாது. சில அச்சுகளில் மையே இல்லை, பளபளக்கும் எனாமல் பெயின்ட். ஒரு தாளில் 12 தலைகள். அந்த 12-ஐயும் தனித்தனியாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்றைச் செய்து 11 முறை காப்பி-பேஸ்ட் செய்கிற வேலை இல்லை. அதனால் 12 சிங்கங்களுக்கும் 12 முகம். ஒன்று உறுமுகிறது, இன்னொன்றைப் பார்த்தால் மடியில் ஏறிக்கொள்ளும்போல இருக்கிறது. தனித்தலை கையில் கிடைத்தால், அதன் கோடுகளை வைத்தே அது தாளில் எந்த இடத்தில் இருந்தது என்று கண்டுபிடிப்பது சேகரிப்பாளர்களின் பெரிய விளையாட்டு.

திபெத்தியத் தலைகளில் போலிகள் ஏராளம். 12-ம் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் தாள் ஒன்று உங்களிடம் வந்தால் யோசிக்கவே வேண்டாம், அது போலி. பொதுவாக அரசாங்கத் தாள்களில் சீர்மைதான் அசலுக்கு அடையாளம், பிசிறுதான் கள்ளத்துக்கு. இங்கே தலைகீழ்.

அந்த 1912 தலைகளில் ஆங்கில எழுத்தும் உண்டு. 'திபெத்' என்றும் 'போஸ்டேஜ்' என்றும் செதுக்கியிருக்கிறார்கள். ஆங்கிலம் தெரியாத கை என்பது பார்த்தாலே தெரிகிறது. மூன்றில் இரண்டு டிராங்கா மதிப்புள்ள தலையின் தாளில் ஓர் இடத்தில் எஸ்ஸும் டீயும் இடம் மாறி 'போட்சேஜ்' என்று விழுந்துவிட்டது. கேட்டலாக்கில் இதற்குத் தனி வரி, தனி விலை. சேகரிப்பாளர்கள் இந்தப் பிழையைக் கொண்டாடுவார்கள். கொண்டாடட்டும். எனக்கு அந்தப் பிழையைவிட அந்தச் சொல் அங்கே இருப்பதே விசித்திரமாகப் படுகிறது. லாசாவில் கடிதம் போடுகிறவர்களில் எத்தனை பேர் ஆங்கிலம் படித்திருப்பார்கள்? ஓட்டக்காரருக்கு அது தேவையா? தேவையில்லை. அந்த ஆங்கிலச் சொல் வெளியே பார்த்துப் பேசுகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற யாரோ ஒருவரிடம், "இது திபெத், இது தபால்" என்று சொல்ல முயல்கிறது.

ஆனால் அந்தத் தலை எல்லையைத் தாண்டாது. திபெத்துக்குள் மட்டும்தான் அது செல்லும்.

லாசாவிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு கடிதம் போக வேண்டும் என்று வையுங்கள். திபெத்தியத் தலை ஒட்டினால் ஓட்டக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றி கியான்ட்சே வரை கொண்டுவருவார்கள். கியான்ட்சேயில் இந்திய அஞ்சல் நிலையம் இருந்தது. 1904-இல் யங்ஹஸ்பண்டின் படையெடுப்புக்குப் பின்னால் பிரிட்டிஷ் வணிக முகவாண்மைகளோடு சேர்ந்து வந்தது அது. பாரி, யாட்டுங் ஆகிய ஊர்களிலும் இந்திய அஞ்சல் நிலையங்கள் உண்டு. கியான்ட்சேயில் அந்தக் கடிதத்துக்கு இந்தியத் தலை இன்னொன்று வேண்டும். அப்புறம்தான் சும்பி பள்ளத்தாக்கு, கணவாய், காலிம்பொங், கல்கத்தா. இப்படிப் பயணப்பட்ட உறைகள் இன்றும் ஏலத்தில் வருகின்றன. ஒரே உறையில் மரத்தில் செதுக்கிய பனிச்சிங்கமும் நேர்த்தியாக அச்சான ஐந்தாம் ஜார்ஜின் முகமும் இருக்கும். சில உறைகளில் பக்கத்துப் பக்கத்தில், சிலவற்றில் முன்னும் பின்னும்.

பொறியாளன் மொழியில் சொன்னால் இரண்டு நெட்வொர்க். உள்ளே ஒன்று முழுசாக ஓடுகிறது. அதற்கு ஆள் உண்டு, கட்டணம் உண்டு, முத்திரை உண்டு. வெளியே உலகம் முழுக்க இன்னொன்று ஓடுகிறது. நடுவில் ஒரே ஒரு கேட்வே, அது அடுத்தவனுடையது.

இங்கேதான் 'சொந்தத் தலை இருந்தால் சொந்த நாடு' என்ற வாதம் சறுக்குகிறது. 1874-இல் பெர்னில் உருவான சர்வதேச அஞ்சல் ஒன்றியத்தில் பிரிட்டிஷ் இந்தியா 1876-லேயே உறுப்பினர். அடிமை நாட்டின் தலை உலகம் முழுக்கச் செல்லும். 1913-க்குப் பிறகு சுமார் 40 ஆண்டுகள் தன்னைத் தானே ஆண்டுகொண்ட திபெத் அந்த ஒன்றியத்தில் இல்லை, அதன் தலை கியான்ட்சேயோடு நின்றுவிடும். ஆக, தபால்தலை சுதந்திரத்தை அளக்கும் கருவி இல்லை. ஒரு நாட்டின் கையெழுத்தை மற்ற நாடுகள் ஏற்றுக்கொள்கின்றனவா என்பதை மட்டும் அது அளக்கும். திபெத்தை உள்ளே யாரும் சந்தேகப்படவில்லை. வெளியே பெரிய நாடுகள் எதுவும் எழுத்தில் ஒப்புக்கொள்ளவும் இல்லை. பிரிட்டன் திபெத் அரசோடு நேரடியாகப் பேசும், வியாபாரம் செய்யும், ஆனால் தனி நாடு என்று மட்டும் சொல்லாது. இரண்டு தலை ஒட்டிய உறையில் அந்த இழுபறி அப்படியே இருக்கிறது. வாதாடுகிறவர்கள் தூக்கிக் காட்ட வேண்டியது இந்த உறையை. ஆனால் அது அவர்கள் விரும்புகிற அளவுக்கு நேரான சாட்சி இல்லை. கொஞ்சம் நமக்கு எதிராகவும் சாட்சி சொல்லும்.

'நமக்கு' என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். 1947-க்குப் பிறகு அந்த இரண்டாவது தலை சுதந்திர இந்தியாவின் தலை. அஞ்சல் நிலையங்கள் அதே இடத்தில் இருந்தன, ராஜாவின் முகம் மட்டும் போய்விட்டது. 1950 அக்டோபரில் சீனப் படை சாம்டோவைப் பிடித்தது. நவம்பரில் திபெத் ஐ.நா.வுக்கு முறையிட்டது. அந்த முறையீடும் இந்திய மண்ணிலிருந்து, காலிம்பொங் வழியாகத்தான் போனது, வேறு வழி ஏது? எல் சால்வடார் என்ற சின்ன நாடு ஒன்று அதை விவாதத்துக்கு எடுக்கச் சொன்னது. பிரிட்டனும் இந்தியாவும் பொறுத்திருக்கலாம் என்றன. பொறுத்தே விட்டார்கள். 1951 மே மாதம் 17 அம்ச ஒப்பந்தம். 1954 ஏப்ரல் 29-இல் இந்தியாவும் சீனாவும் ஓர் ஒப்பந்தம் போட்டன. அதன் முகவுரையில் வரும் ஐந்து கொள்கைகளைப் பஞ்சசீலம் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்போம். அந்த ஒப்பந்தத்தின் தலைப்பு 'சீனாவின் திபெத் பகுதி' என்று பேசுவதை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. அதையொட்டி 1955 ஏப்ரலில், திபெத்தில் இந்தியா நடத்திவந்த அஞ்சல், தந்தி, தொலைபேசி எல்லாம் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டன. கேட்வே கைமாறியது. 1904-இல் வன்முறையால் வந்த ஒன்றை விட்டுக்கொடுத்தது சரிதான் என்று வாதிடலாம், நேரு அப்படித்தான் நினைத்தார். திபெத்தியரிடம் கேட்டு அவர்களிடம் ஒப்படைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

சீனாவின் பக்கத்திலிருந்து 1952-இல் நான்கு தலைகள் வந்தன, 'திபெத்தின் அமைதியான விடுதலை' என்ற பெயரில். போத்தலா அரண்மனையின் படமும், யாக் பூட்டி உழுகிற படமும். அச்சு நேர்த்தியானது, சந்தேகமில்லை. இந்தப் படங்களைத் திபெத்தின் சொந்தத் தலைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். திபெத் தன் தலைகளில் போத்தலாவை ஒருபோதும் போட்டதில்லை. 1912, 1914, 1933 என்று எந்த வரிசையை எடுத்தாலும் அரசின் சின்னமான சிங்கம்தான். நம் வீட்டு வாசலை நாமே படம் எடுத்துச் சுவரில் மாட்டிக்கொள்வதில்லையே, அந்த மாதிரி. அடுத்தவர் கைக்குப் போன பிறகுதான் திபெத் இயற்கைக் காட்சியாகவும், வயலில் உழைக்கும் எளிய ஜனமாகவும் தலையில் ஏறுகிறது. சின்னம் போய், சீனரி வந்தது. 1940-இல் சோவியத் ஒன்றியமும் இதைச் செய்தது. போலந்தின் கிழக்குப் பகுதியை எடுத்துக்கொண்ட மறு வருஷம் 'சகோதர மக்களின் விடுதலை' என்று ஒரு வரிசை, அதில் கிராமத்து ஜனங்கள் சிப்பாய்களையும் டாங்கிகளையும் வரவேற்கிறார்கள். இப்படிப்பட்ட தலைகளில் ஜனங்கள் எப்போதும் சிரித்த முகமாகவே இருப்பார்கள்.

ஆனால் சிரிப்பும் காட்சியும் இருந்தாலே பொய், கரடுமுரடாக இருந்தால் உண்மை என்று சூத்திரம் போட்டுவிடக் கூடாது. தன்னு துவா என்றொரு நாடு இருந்தது. மங்கோலியாவுக்கு வடமேற்கே, 1944 வரை பெயரளவில் சுதந்திரம். 1930களில் அது வெளியிட்ட தலைகள் உலகத்துப் பையன்களையெல்லாம் மயக்கின. முக்கோணம், சாய்சதுரம், குதிரைச் சவாரி, ஒட்டகத்தோடு ரயில் போட்டி. அந்த நாட்டில் ரயில் பாதையே கிடையாது. எல்லாம் மாஸ்கோவில் தயாரித்து, பெரும்பாலும் சேகரிப்பாளர்களுக்காகவே விற்றது. சிறுவயதில் அந்தத் தலைகளைப் பார்த்த ரிச்சர்ட் ஃபெயின்மன், பல பத்தாண்டுகள் கழித்து அந்த நாட்டுக்கே போக வேண்டும் என்று கிளம்பி, சோவியத் அதிகாரிகளுக்குக் கடிதம்மேல் கடிதம் எழுதி, அனுமதி வருவதற்குள் 1988 பிப்ரவரியில் இறந்துபோனார். அவரோடு சேர்ந்து முயன்ற ரால்ஃப் லேட்டன் அதைப் புத்தகமாக எழுதியிருக்கிறார். ஜாலியான புத்தகம், பொறியியல் மாணவர்களிடம் கைமாறிக்கொண்டே இருக்கும். துவாவின் தலை வெளியுலகில் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அதை ஒட்டிக் கடிதம் போட்ட துவாக்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். திபெத்தின் தலைக்கு உள்ளே ஆள் இருந்தது, வெளியே பேர் இல்லை. கேட்டலாக்கில் இரண்டுக்கும் ஒரே மாதிரிக் கட்டம், ஒரே மாதிரி எண்.

கேட்டலாக்கை ஓர் இலக்கிய வடிவமாகவே எடுத்துக்கொண்டு விமர்சிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதன் உரைநடையில் பெயரடை கிடையாது. நிறம், மதிப்பு, ஆண்டு, வேறுபாடு, விலை. படையெடுப்பு நடந்தால் அடுத்த தலைப்புக்குத் தாவும். "இதன் பிறகு சீனத் தலைகள்" என்கிற அர்த்தத்தில் ஒரு குறிப்போடு ஒரு நாடு முடியும். இந்த வறட்சியில் ஒரு நேர்மை இருக்கிறது. தேசபக்திப் புத்தகங்கள் மறைக்கிற தேதிகளைக் கேட்டலாக் மறைக்காது. எந்த வருஷம் எந்தப் பெயர் நின்றது என்பது அதில் பச்சையாக இருக்கும். ஆனால் அதன் இலக்கணத்தில் வினைச்சொல்லே இல்லை. யார் மூடினார்கள் என்று கேட்க அந்த மொழியில் வழியில்லை. இரண்டாவது குறை இன்னும் பெரியது. அதன் அடிப்படை அலகு தலை. ஒரு கடிதம் இரண்டு தலைகளோடு போனால் ஒன்று 'திபெத்' தலைப்பில், மற்றது 'இந்தியா' தலைப்பில். இரண்டுக்கும் நடுவே பல பக்கம், சில சமயம் பல தொகுதி. வால்டர் பெஞ்சமின் 1928-இல் வந்த 'ஒருவழிப் பாதை'யில் தபால்தலைகளுக்கென்றே ஒரு பகுதி எழுதினார். தலையின் படத்தைப் போலவே அதன்மேல் விழுந்த முத்திரையும் அவரை ஈர்த்தது. கேட்டலாக்குக்குப் பயன்படுத்தாத தலை, பயன்படுத்திய தலை என்று இரண்டு விலைப்பத்தி போதும். எந்த ஊரில், எதற்காகப் பயன்பட்டது என்பதற்குப் பத்தி கிடையாது.

இந்தக் குறையை அறிந்த சேகரிப்பாளர்கள் இருந்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் சேகரிப்பாளர் ஆர்னால்ட் வாட்டர்ஃபால் 1965-இல் திபெத்தின் அஞ்சல் வரலாறு என்று ஒரு புத்தகமே எழுதினார். தலையிலிருந்து தபாலுக்குப் பார்வையைத் திருப்பிய வேலை அது. பொழுதுபோக்காளர்கள் செய்த இந்த மாதிரிக் காரியங்களுக்குப் பல்கலைக்கழகங்கள் கொடுக்கிற மரியாதை போதாது என்பது என் எண்ணம்.

'செத்த நாடு' என்ற சொல்லும் அந்தக் கேட்டலாக் இலக்கணத்தின் குழந்தைதான். அது எவ்வளவு அவசரப்பட்ட சொல் என்பதற்கு லிதுவேனியா இருக்கிறது. 1940 ஆகஸ்டில் அதன் தலைகள்மேல், சோவியத் குடியரசாகிவிட்டது என்பதன் சுருக்கமும் ஜூலை 21 என்ற தேதியும் மேலச்சாக விழுந்தன. மறு வருஷம் ஜெர்மானியர் வந்ததும் சோவியத் தலைகள்மேல் 'சுதந்திர லிதுவேனியா' என்று மேலச்சு. அந்தச் சுதந்திரம் சில வாரங்களுக்கு மேல் தாங்கவில்லை, வருஷம் முடிவதற்குள் ஹிட்லர் தலைதான், அதன்மேல் 'ஓஸ்ட்லாண்ட்' என்று எழுதி. பிறகு சோவியத் தலைகள், கிட்டத்தட்ட 50 வருஷம். ஆல்பத்தை முடித்துப் பரணில் போட்டவர்கள் இருந்திருப்பார்கள். 1990 அக்டோபரில் லிதுவேனியா மறுபடி தபால்தலை வெளியிட்டது, ஒரு தேவதையின் படத்தோடு. அப்போது சோவியத் அங்கீகாரம் வர இன்னும் 11 மாதம் இருந்தது. 1912-இல் லாசாவில் செய்ததும் இதேதான். அங்கீகாரம் வரும்வரை காத்திருக்காமல் முதலில் தலையை அச்சடித்தார்கள். லிதுவேனியாவுக்கு அங்கீகாரம் பின்னாலேயே வந்தது.

திபெத்துக்கு வரவில்லை. 1951-க்குப் பிறகும் சில வருடங்கள் உள்ளூர்க் கடிதங்களில் சிங்கத் தலை போய்க்கொண்டிருந்தது. அந்தச் சில வருடங்களின் உறைகளுக்குச் சேகரிப்பாளர்களிடம் நல்ல மவுசு. உங்கள் கண்ணில் அப்படி ஓர் உறை பட்டால், வெட்டாதீர்கள், தண்ணீரில் ஊறப்போட்டுத் தலையைக் கழற்றாதீர்கள். அட்டவணைப்படி அது ஒரு தலைதான், விலை ஏறாது என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். முன்பின் இரண்டையும் பாருங்கள். லாசா, ஷிகட்சே, பாரி என்று திபெத்திய முத்திரையில் பொதுவாக ஊர்ப்பெயர் இருக்கும், தேதி இருக்காது. அந்தக் கடிதம் எப்போது எழுதப்பட்டது என்று தெரிந்துகொள்ள, அதே உறையில் கியான்ட்சேயின் இந்திய அஞ்சல் நிலையம் குத்திய முத்திரையைத்தான் தேட வேண்டும். நாள், மாதம், வருஷம் எல்லாம் ஆங்கிலத்தில் சுத்தமாக இருக்கும். 1955 ஏப்ரலுக்குப் பிந்திய உறை என்றால் அந்த முத்திரையும் கிடையாது.